கோலி ஏன் நிற்கிறது? ஈர்ப்பையும் உராய்வையும் வகுப்பில் நடத்துவது பற்றி: கேள்வி பதில்

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல் எடுக்கும் ஆசிரியர்கள், சில பெற்றோர், ஒரு மாணவர் ஆகியோர் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் கீழே. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புவியீர்ப்பை ஒரு பாடமாகவும் உராய்வை வேறொரு பாடமாகவும் பிரித்து நடத்தினால் இரண்டுமே பிள்ளைகளுக்குப் பிடிபடாது. நாம் அன்றாடம் பார்க்கும் எந்த அசைவிலும் இரண்டும் சேர்ந்தேதான் இருக்கின்றன. ஈர்ப்பைப் பற்றிப் பிள்ளைகளுக்கு வரும் தப்பான எண்ணங்களில் பெரும்பாலானவை, உராய்வையும் காற்றையும் கணக்கில் எடுக்காததால் வருபவை.

எடை அதிகமான பொருள்தான் முதலில் விழும் என்று பிள்ளைகள் அடித்துச் சொல்கிறார்கள் சார். கல்லையும் காகிதத்தையும் போட்டே காட்டுகிறார்கள். எப்படி மாற்றுவது? (ஏழாம் வகுப்பு ஆசிரியை, தருமபுரி)

அவர்கள் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள் டீச்சர். கல் முதலில் விழுவது உண்மை. காரணத்தைத்தான் மாற்றிப் பிடித்திருக்கிறார்கள். அதனால் "தப்பு" என்று ஆரம்பிக்காதீர்கள். அதே காகிதத்தைக் கசக்கி, இறுக்கமாக உருட்டி, மறுபடி போடச் சொல்லுங்கள். இப்போது கல்லோடு ஏறக்குறைய சேர்ந்தே விழும். காகிதத்தின் எடை மாறவில்லையே, வேறென்ன மாறியது என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். "காற்று" என்ற பதில் வகுப்பிலிருந்தே வரும்.

அடுத்து, ஒரே மாதிரி இரண்டு தண்ணீர் பாட்டில்களை எடுங்கள். ஒன்றில் மணல், இன்னொன்றில் தண்ணீர். கையில் வாங்கிப் பார்த்தாலே எது கனம் என்று தெரிந்துவிடும். எது முதலில் விழும் என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுதிய பிறகுதான் போட வேண்டும். எழுதாமல் போட்டால், முடிவைப் பார்த்த பிறகு "நான் அப்பவே நினைச்சேன்" என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள், எண்ணம் மாறாது. கீழே சாக்கு விரித்து, நெஞ்சுயரத்திலிருந்து ஒன்றாக விடுங்கள். இரண்டு சத்தம் கேட்கிறதா, ஒரே சத்தமா என்று கண்ணை மூடிக் கேட்கச் சொல்லலாம்.

ஏன் என்ற கேள்வி கட்டாயம் வரும். கனமான பாட்டிலைப் பூமி அதிக விசையோடுதான் இழுக்கிறது. ஆனால் நிறை (பொருளில் உள்ள பருப்பொருளின் அளவு) கூடக்கூட, அந்தப் பொருளை வேகப்படுத்துவதும் அதே அளவுக்குக் கடினமாகிறது. இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுவதால் எல்லாப் பொருளும் ஒவ்வொரு நொடியும் ஒரே அளவில், நொடிக்கு 9.8 மீட்டர் வீதம், வேகம் கூடுகின்றன. காற்று இல்லாத இடத்தில் இதைச் செய்தே காட்டியிருக்கிறார்கள். 1971இல் அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவில் நின்றுகொண்டு ஒரு சுத்தியலையும் வல்லூறுப் பறவையின் இறகையும் ஒன்றாகக் கைவிட்டார். இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன. அந்தக் காணொளியைப் பாட்டில் சோதனைக்குப் பிறகு காட்டுங்கள். முன்னாலேயே காட்டினால் "அது நிலா சார், அங்கே அப்படித்தான்" என்று ஒதுக்கிவிடுவார்கள்.

ஆய்வகம் கிடையாது. விழும் பொருளின் வேகம் கூடுவதை எப்படி அளந்து காட்டுவது? (நடுநிலைப் பள்ளி ஆசிரியர், சிவகங்கை)

நேராக விழ விட்டால் கண்ணுக்கு அகப்படாது. முதல் ஒரு நொடியிலேயே கிட்டத்தட்ட 5 மீட்டர் போய்விடும். கலிலியோவுக்கும் இதே சிக்கல்தான். அவர் சாய்தளத்தில் பந்தை உருட்டி, ஈர்ப்பின் வேலையை மெதுவாக்கிப் பார்த்தார். 1638இல் வெளியான அவருடைய நூலில் இந்தச் சோதனை இருக்கிறது.

நீளவாக்கில் பாதியாக அறுத்த பிவிசி பைப் ஒன்று போதும். 2 மீட்டர் நீளம் இருக்கட்டும். ஒரு முனையைச் சுமார் 10 செ.மீ. உயர்த்துங்கள். கோலியை விடும் இடத்திலிருந்து 20, 80, 180 செ.மீ. தூரங்களில் சாக்பீஸால் கோடு போடுங்கள். செல்போனில் நொடிக்கு ஒரு தட்டு வரும்படி தாளச் செயலியை வைத்து, ஒரு தட்டில் கோலியை விட்டால் அடுத்தடுத்த தட்டுகளில் கோலி ஒவ்வொரு கோட்டையும் கடக்கும். கொஞ்சம் முன்பின் வந்தால் உயரத்தை மாற்றிச் சரிசெய்யுங்கள். தூரங்களைக் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள்: முதல் நொடியில் 20, அடுத்ததில் 60, அதற்கடுத்ததில் 100. அதாவது 1, 3, 5. இந்த ஒற்றைப்படை வரிசையைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கும்போது வகுப்பில் வரும் சத்தத்தை நீங்கள் கேட்க வேண்டும்!

ஒரு எச்சரிக்கை. இந்தச் சோதனையை வைத்து 9.8ஐக் கண்டுபிடிக்கச் சொல்லாதீர்கள். கோலி நழுவவில்லை, உருள்கிறது. ஈர்ப்பு தரும் ஆற்றலில் ஒரு பங்கு அதைச் சுழல வைப்பதற்கே போய்விடும். விடை குறைவாக வந்து பிள்ளைகள் குழம்புவார்கள்.

"தள்ளிவிட்ட விசை தீர்ந்துபோச்சு, அதனால நின்னுடுச்சு" என்று எழுதுகிறார்கள். எத்தனை முறை திருத்தினாலும் மறுபடி அதே. (எட்டாம் வகுப்பு ஆசிரியை, நாகர்கோவில்)

இந்த ஒரு எண்ணம் மாறிவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. மாறாவிட்டால் பத்தாம் வகுப்பில் நியூட்டன் விதிகளை மனப்பாடம் செய்துதான் ஒப்பிக்க வேண்டியிருக்கும். அதனால் இரண்டு மூன்று பீரியட் போனாலும் பரவாயில்லை, நிதானமாகச் செய்யுங்கள்.

மேலே சொன்ன பைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள், நீளம் குறைவாக இருந்தாலும் சரி. அடிவாரத்தில் முதலில் சாக்கு, அப்புறம் துண்டு, அப்புறம் வெறும் சிமெண்ட் தரை, முடிந்தால் டைல்ஸ். ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்திலிருந்து கோலியை விட்டு, நிற்கும் தூரத்தை அளக்கட்டும். ஒரே உயரம் என்பதால் அடிவாரத்துக்கு வரும்போது வேகம் ஒன்றுதான். விசை உள்ளே இருந்து தீர்ந்துபோவதாக இருந்தால் எல்லாத் தரையிலும் ஒரே இடத்தில் அல்லவா தீர்ந்திருக்க வேண்டும்? சாக்கில் சீக்கிரமும் டைல்ஸில் தாமதமாகவும் ஏன் தீர்கிறது? இந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதி அப்படியே விட்டுவிடுங்கள். பிறகு, டைல்ஸைவிட வழவழப்பான தரை, அதைவிட வழவழப்பானது என்று கேட்டுக்கொண்டே போங்கள். உரசலே இல்லாவிட்டால்? "நிக்கவே நிக்காது சார்" என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும். கலிலியோ போன வழியும் இதுதான்.

கேரம் போர்டு இருந்தால் பவுடர் போடாமல் ஒரு முறை, போட்டு ஒரு முறை ஸ்ட்ரைக்கரைச் சுண்டச் சொல்லுங்கள். அப்புறம் படம் வரையட்டும். விரலை விட்டு விலகிய பிறகு ஸ்ட்ரைக்கர் மேல் என்னென்ன விசை? கீழ்நோக்கி ஈர்ப்பு, மேல்நோக்கிப் பலகை தாங்குவது, பின்னோக்கி உராய்வு. முன்னோக்கி ஒரு அம்புக்குறி போட்டிருந்தால், "இதை யார் தள்ளுவது?" என்று மட்டும் கேளுங்கள். தொடுகிற பொருள் எதையும் காட்ட முடியாமல் அவர்களே அழித்துவிடுவார்கள்.

தொடும் பரப்பு கூடினால் உராய்வு கூடும் என்று சில புத்தகங்களில் இருக்கிறது. சரியா? (டியூஷன் ஆசிரியர், மதுரை)

கட்டை, செங்கல் போன்ற கெட்டியான பொருள்களுக்குப் பெரும்பாலும் சரியில்லை. செங்கலைப் படுக்க வைத்தும் பக்கவாட்டில் நிறுத்தியும் சுருள்வில் தராசால் இழுத்துப் பாருங்கள், அளவு ஏறக்குறைய ஒன்றாகவே வரும். பரப்பு குறைந்தால் அந்தச் சிறிய பரப்பில் அழுத்தம் கூடிச் சமன் செய்துவிடுகிறது. மேலே இன்னொரு செங்கல் வைத்தால் மட்டும் அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஈர்ப்பும் உராய்வும் கைகோக்கும் இடம் அதுதான், அதை அழுத்திச் சொல்லுங்கள். தராசை மெதுவாக, ஒரே சீராக இழுக்க வேண்டும். அசையப் போகும் தருணத்தில் அளவு ஏறி, நகரத் தொடங்கியதும் கொஞ்சம் இறங்கும். ஓய்வுநிலை உராய்வு, இயக்க உராய்வு இரண்டையும் அப்போதே காட்டிவிடலாம். டயர் ரப்பர் போன்ற மெத்தென்ற பொருள்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

நான் நடக்கும்போது உராய்வு என்னைப் பின்னால்தானே இழுக்கும்? (எட்டாம் வகுப்பு மாணவர்)

இல்லை தம்பி. நடக்கும்போது உன் கால் தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. கால் பின்னால் வழுக்கிவிடாமல் தடுக்கும் உராய்வு உன் மேல் முன்னோக்கியே செயல்படும். நீ முன்னே போவது அதனால்தான். பாசி பிடித்த படியில் நடக்க முடியாமல் தவிப்பதை நினைத்துப் பார், புரியும்.

சந்திரயான் இறங்கியபோது என் மகள் "ஏன் பாராசூட் இல்லை? விண்வெளியில் ஈர்ப்பே இல்லையா?" என்று கேட்டாள். (ஒரு பெற்றோர், கோவை)

அருமையான கேள்வி. பாராசூட்டைப் பிடித்து நிறுத்துவது காற்றின் தடை. நிலவில் காற்று இல்லை என்றே சொல்லலாம். ஆனால் ஈர்ப்பு இருக்கிறது, பூமியில் உள்ளதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. இழுக்க ஈர்ப்பு உண்டு, தடுக்கக் காற்று இல்லை. அதனால்தான் 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3இன் தரையிறங்கும் கலமான விக்ரம் லேண்டர் என்ஜின்களைக் கீழ்நோக்கி இயக்கி வேகத்தைக் குறைத்துக்கொண்டு இறங்கியது. அதிலிருந்து இறங்கி நிலவில் ஓடிய பிரக்யான் ரோவரின் நிறை 26 கிலோ. எடை என்பது ஈர்ப்பு இழுக்கும் விசை, அதை நியூட்டன் என்ற அலகில் சொல்வோம். இங்கே அதன் எடை 255 நியூட்டன், அங்கே சுமார் 42 நியூட்டன்தான். எடை குறைந்தால் சக்கரத்துக்கும் மண்ணுக்கும் இடையிலான பிடிமானமும் குறையும் என்பதையும் மகளிடம் சொல்லுங்கள். நிறைக்கும் எடைக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

விண்வெளியில் ஈர்ப்பு இல்லை என்பதும் சரியல்ல. சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு இங்கே உள்ளதில் ஏறத்தாழ 90 சதவீதம் இருக்கிறது. நிலையமும் அதில் உள்ளவர்களும் ஒன்றாகவே விழுந்துகொண்டிருக்கிறார்கள். பக்கவாட்டு வேகம் அதிகம் என்பதால் பூமியில் மோதாமல் சுற்றி வருகிறார்கள்.

பிள்ளைகளுக்கு உண்மையிலேயே புரிந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி கேட்பதானால் எதைக் கேட்பீர்கள்? (ஆசிரியப் பயிற்சி மாணவி, திருச்சி)

நேராக மேலே எறிந்த பந்தைக் கேட்பேன். ஏறும்போது, உச்சியில், இறங்கும்போது என்று மூன்று படம் கொடுத்து, பந்தின் மேல் உள்ள விசைகளுக்கு அம்புக்குறி போடச் சொல்லுங்கள். காற்றின் தடையை விட்டுவிட்டால் மூன்றிலும் ஒரே அம்புதான்: கீழ்நோக்கி, ஒரே நீளத்தில். ஏறும் பந்துக்கு மேல்நோக்கி அம்பு போட்டவர்களுக்குக் கேரம் போர்டு பாடம் இன்னொரு முறை வேண்டும். உச்சியில் அம்பே போடாதவர்கள் வேகம் இல்லாததை விசை இல்லாததாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம், "உச்சியில் ஈர்ப்பு இல்லையென்றால் பந்து ஏன் திரும்பி வருகிறது?" என்று கேளுங்கள். இதற்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுவார்கள், அவர்கள் நினைப்பது என்ன என்று உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.