வீட்டுக்கும் ஹயருக்கும் ஒரே ஹைபிரிட் கார்: எதை எடுப்பது?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என்று ஐந்து பேர். வீட்டுத் தேவைக்கு ஒரு பாவித்த ஹைபிரிட் கார் வாங்கி, சீசன் காலத்தில் ஹயரும் ஓடலாம் என்று யோசனை. 2011 டொயோட்டா பிரியஸ், 2014 டொயோட்டா அக்சியோ ஹைபிரிட், 2014 ஹொண்டா ஃபிட் ஹைபிரிட் என்று மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். மூன்றிலும் மீற்றர் ஒரு லட்சத்துக்குக் கீழேதான் காட்டுகிறது. "ஹைபிரிட் பற்றரி போனால் காரையே விற்க வேண்டியதுதான்" என்று மச்சான் பயமுறுத்துகிறார். எதை எடுக்கலாம்?

பதில்: அக்சியோவை எடுங்கள். ஆனால் விற்பவர் கேட்கும் தொகையோடு ஒரு புதிய ஹைபிரிட் பற்றரியின் விலையையும் கூட்டிப் பாருங்கள். அதுதான் அந்தக் காரின் உண்மையான விலை. அந்தத் தொகை கைக்கு எட்டினால் வாங்குங்கள். எட்டாவிட்டால் ஹைபிரிட் இல்லாத சாதாரண அக்சியோ உங்களுக்கு நல்லது. உங்கள் மச்சான் சொல்வதில் பாதி உண்மை. பற்றரி போவது ரயர் தேய்வதைப் போல, வரும் என்று தெரிந்த செலவு. அதற்குப் பணம் ஒதுக்காமல் ஓடியவர்கள்தான் காரை விற்கிறார்கள்.

முதலில் பெற்றோல் கணக்கு. அக்சியோ ஹைபிரிட் 2013இல் வந்தபோது ஜப்பானியப் பரிசோதனையில் லீற்றருக்கு 33 கிலோமீற்றர் என்று அறிவித்தார்கள். ஏசி போட்டு, ஆளும் பெட்டியும் ஏற்றி ஓடும்போது அதை எதிர்பார்க்க வேண்டாம். 20 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். சாதாரண அக்சியோவுக்கு 13 என்று வைப்போம். மாதம் 2,000 கிலோமீற்றர் ஓடினால் ஒன்றுக்கு 100 லீற்றர், மற்றதற்கு 154 லீற்றர். மிச்சம் 54 லீற்றர். அந்த 54 லீற்றரின் அன்றைய விலையை மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். உங்கள் பற்றரிப் பணம் அங்கேதான் சேரும். அதை எடுத்து வீட்டுக்குச் செலவழித்துவிட்டு ஹைபிரிட் லாபம் என்று சொல்வது கணக்கல்ல.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். ஹைபிரிட் அதிகம் மிச்சம் பிடிப்பது நின்று நின்று போகும் நகர ஓட்டத்தில். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைப் பற்றரிக்குத் திருப்புவதுதான் அதன் வேலை. திருகோணமலையில் அந்த மாதிரி நெரிசல் குறைவு. உங்களுக்குக் கிடைக்கப்போகும் நல்ல ஹயர் கட்டுநாயக்க விமான நிலையம், சிகிரியா, அநுராதபுரம் என்று நீண்டவை. கந்தளாய் தாண்டி ஹபரணை வரை ஒரே சீராக ஓடும்போது வித்தியாசம் குறையும். அங்கே சாதாரண அக்சியோவும் 15ஐத் தொடும். கட்டுநாயக்கவுக்குப் போய்வர 500 கிலோமீற்றருக்குக் கிட்ட, அதாவது ஏறக்குறைய 25 லீற்றர். திரும்பி வரும்போது பெரும்பாலும் வெறும் கார். ஆகவே கூலி பேசும்போது இரண்டு பக்கத் தூரத்தையும் சேர்த்தே பேசுங்கள்.

இனிப் பற்றரி. அக்சியோவின் பற்றரிப் பெட்டிக்குள் 20 சிறு பற்றரிகள் (மொடியூல்கள்; செல் என்றும் சொல்வார்கள்), மொத்தம் 144 வோல்ட். பிரியஸில் 28, மொத்தம் 201.6 வோல்ட். இரண்டும் நிக்கல் வகை. எல்லாம் தொடராக இணைக்கப்பட்டவை என்பதால் ஒன்று சோர்ந்தால் முழுப் பெட்டியும் அதன் வேகத்துக்கு இறங்கிவிடும். அதைச் சோர வைப்பது கிலோமீற்றரை விட வெப்பம்தான். அக்சியோவின் பற்றரி பின் சீற்றுக்குக் கீழே இருக்கிறது. கார் உள்ளே இருக்கும் குளிர்ந்த காற்றை ஒரு சிறிய விசிறி இழுத்து அதைக் குளிர்விக்கிறது. காற்று போகும் வாய் பின் சீற்றின் அடியில், பயணியின் காலடிக்குப் பக்கத்தில். நிலாவெளியில் குளித்துவிட்டு மணலோடு ஏறும் பயணி ஈரத் துவாயை எங்கே போடுவார் என்று யோசியுங்கள். அந்த வாய் அடைபட்டு, கச்சான் என்ற வெப்பக் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் நாள் முழுக்க ஓடினால், பத்து வருடம் இருக்க வேண்டியது சில வருடத்தில் போகும். வாங்கும் நாளில் அந்த இடத்தில் கையை வைத்துப் பாருங்கள். மணலும் தலைமயிரும் வந்தால், விசிறியை ஒருபோதும் சுத்தம் செய்யவில்லை என்று அர்த்தம். வாங்கிய பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை விசிறியைக் கழற்றித் துப்புரவாக்குங்கள்.

பற்றரியின் நிலையை வாய்ப்பேச்சில் அறிய முடியாது. காரின் ஸ்கேன் சொக்கற்றில் பொருத்தும் சிறிய புளூடூத் கருவி ஒன்றை வாங்கி, போனில் டொக்டர் பிரியஸ் அல்லது ஹைபிரிட் அசிஸ்டன்ட் செயலியைப் போடுங்கள். மொடியூல்களைச் சிறு கூட்டங்களாகப் பிரித்து, பிளொக் பிளொக்காக வோல்ட் காட்டும். நின்ற இடத்தில் எல்லாம் சமனாகத்தான் காட்டும், அதை நம்ப வேண்டாம். வீதியில் ஒருமுறை நன்றாக அழுத்தி 60 வரை ஏற்றி, பிறகு பிரேக் பிடித்து இறக்கி, அந்த நேரத்தில் மிகக் கூடிய பிளொக்குக்கும் மிகக் குறைந்ததற்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.3 வோல்ட்டுக்குள் நின்றால் நல்லது. ஒரே பிளொக் ஒவ்வொரு முறையும் கீழே விழுந்து, இடைவெளி 1 வோல்ட்டைத் தாண்டினால் அது போய்க்கொண்டிருக்கும் பற்றரி. கருவி இல்லாமலும் ஓர் அடையாளம் உண்டு: திரையில் உள்ள பற்றரிக் கோடுகள் சில நிமிடத்தில் நிறைந்து சில நிமிடத்தில் வடிந்தால் கொள்ளளவு குறைந்துவிட்டது. பி0ஏ80 என்ற பிழை எண் வந்தால் பற்றரி மாற்ற வேண்டும் என்று காரே சொல்கிறது. ஸ்கேன் செய்யும்போது பிழைகள் அழிக்கப்பட்டு எத்தனை கிலோமீற்றர் ஆயிற்று என்பதையும் பாருங்கள். நேற்று அழித்திருந்தால், இன்று காட்டத்தான் அழித்தார்கள்.

"இப்போதுதான் பற்றரி செய்தது" என்று விற்பவர் சொன்னால், என்ன செய்தது என்று கேளுங்கள். புதிய பெட்டியா, இரண்டு மூன்று செல் மாற்றியதா? பழைய செல்களுக்கு நடுவில் வேறு செல் போட்டால் சில மாதத்தில் அடுத்த பழையது விழும். பிறகு இன்னொன்று. ஹயர் ஓடும் காருக்கு இந்த வழி சரிவராது. நடுவழியில் பயணியோடு நிற்பதன் நட்டம் செல்லின் விலையை விடப் பெரியது.

பார்க்கப் போகும்போது காலையில் போங்கள். நீங்கள் வரும்வரை ஸ்ராட் பண்ண வேண்டாம் என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பொனட்டில் கை வையுங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்புங்கள். குளிர்ந்த என்ஜின் பிடிக்கும் முதல் அரை நிமிடம்தான் மிக முக்கியமானது. பிரியஸில் இது இன்னும் முக்கியம். அந்த 1.8 லீற்றர் என்ஜினில் புகையைத் திரும்ப உள்ளே அனுப்பும் ஈஜிஆர் குழாயும் அதன் கூலரும் கரியால் அடைபடும். நாளடைவில் என்ஜினின் தலைக்கும் உடலுக்கும் நடுவில் உள்ள ஹெட் கஸ்கற் பழுதாகி, இரவில் கூலன்ட் சிலிண்டருக்குள் கசியும். காலையில் கார் உலுப்பி, கடகடவென்று அடித்து, பிறகு சரியாகிவிடும். அந்த உலுப்பலைக் கேட்டால் பேரம் பேச வேண்டாம், வந்துவிடுங்கள். உங்கள் 2011 பிரியஸ் இந்த வயதுக்காரர்தான். பிரேக் பம்பும் இந்த வகையில் பெயர் போன பலவீனம். காரை ஸ்ராட் பண்ணி, திரையில் 'ரெடி' என்று காட்டும் நிலையில் வைத்து, பிரேக்கைத் தொடாமல் இரண்டு நிமிடம் அமைதியாக இருங்கள். முன்பக்கம் பம்ப் திரும்பத் திரும்ப இரைந்தால் உள்ளே அழுத்தம் கசிகிறது. அந்த வேலை மலிவல்ல.

ஹைபிரிட் என்ஜின் தானாக நின்றுவிடும், எப்படிச் சோதிப்பது என்று கேட்பீர்கள். பிரேக்கைத் தொடாமல் பவர் பொத்தானை இரண்டு தரம் அழுத்துங்கள். ஒரு நிமிடத்துக்குள் கியர் 'பி'யில் அக்சிலேற்றரை முழுக்க இரண்டு தரம், 'என்'இல் இரண்டு தரம், மறுபடி 'பி'யில் இரண்டு தரம் அழுத்தி, பிறகு பிரேக்கை மிதித்து ஸ்ராட் பண்ணினால் என்ஜின் நிற்காமல் ஓடும். அந்த நேரம், பற்றரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேட்டருக்கான தனிக் கூலன்ட் போத்தலின் மூடியைத் திறந்து பாருங்கள். நீர் சுழல வேண்டும். அசையாமல் நின்றால் அதன் மின் பம்ப் ஓடவில்லை. அந்தப் பம்ப் நின்றால் இன்வேட்டர் சூடேறி எரியும். கூலன்ட் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். நிறமில்லாமல் இருந்தால் யாரோ குழாய்த் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.

ஃபிட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2013இல் வந்த அந்த மொடலில் இருப்பது ஏழு கியர் இரட்டைக் கிளச். விற்பனைக்கு வந்த புதிதிலேயே ஜப்பானில் அதைப் பலமுறை திருப்பி அழைத்தார்கள். ஊர்ந்து போகும் ஓட்டத்தில் கிளச் சூடேறி அடிக்கும். வீட்டுக்கு மட்டும் என்றால் யோசிக்கலாம், ஹயருக்கு வேண்டாம். மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சுசுகி வகன்ஆர் காட்டினாலும், அது நான்கு பேருக்குச் செய்த கார். நீங்கள் ஐந்து பேர்.

மீற்றர் ஒரு லட்சத்துக்குக் கீழே என்பதை நான் நம்பமாட்டேன். நீங்களும் நம்ப வேண்டாம். பிரேக் பெடலின் ரப்பர், ஸ்ரியரிங்கின் மேற்புறம், ஓட்டுநர் சீற்றின் கதவுப் பக்க ஓரம் ஆகிய மூன்றும் பொய் சொல்லாது. 80,000 ஓடிய காரில் பெடல் ரப்பரின் கோடுகள் இருக்கும். வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் அது இரண்டு லட்சத்துக்குக் குறையாது. அடியில் படுத்துப் பாருங்கள்: கடலோரத்தில் ஓடிய கார் என்றால் பிரேக் குழாய், புகைக் குழாய்த் தாங்கிகளில் துரு பிடித்திருக்கும். ஹைபிரிட்டில் பிரேக்கின் பெரும்பகுதி வேலையை மோட்டாரே செய்வதால், பயன்படாத டிஸ்க்கும் கலிப்பர் ஊசிகளும் உப்புக் காற்றில் இறுகிவிடும்.

வெள்ளம் போன காரா என்பதையும் தேடுங்கள். 2016 மே மாதக் களனி கங்கை வெள்ளமும், 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலோடு வந்த வெள்ளமும் எத்தனையோ வாகனங்களை மூழ்கடித்தன. அக்சியோவில் பற்றரி சீற்றுக்குக் கீழே என்பதால் அரைவாசிக் கதவுக்கு ஏறிய நீரே போதும். சீற் பெல்ற்றை முழுக்க இழுத்து அடியில் சேற்றுக் கோடு இருக்கிறதா, சீற் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா, காப்பெற்றுக்குக் கீழே மணம் வருகிறதா என்று பாருங்கள். மற்ற எல்லாம் கழுவி மறைக்கலாம், இந்த மூன்றும் கடினம்.

கடைசியாகக் கந்தளாய் வரை போய்த் திரும்புங்கள், 80 கிலோமீற்றருக்குக் கிட்ட. ஏசி முழுதாக, நால்வர் ஏறி. திரும்பி வந்ததும் பின் சீற்றடியில் விசிறி பலமாக இரைந்தால் பற்றரி சூடாகிறது. ஏசி வேலை பார்த்திருந்தால் என்ன ஓயில் விட்டார்கள் என்று கேளுங்கள். இந்தக் கார்களின் கொம்பிரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது. அதற்கு என்டி-11 ஓயில் மட்டும்தான். சாதாரண ஏசி ஓயில் கலந்தால் மின்காப்புப் போய் பி0ஏஏ6 என்ற பிழை வரும், கார் ரெடிக்கு வராமலும் போகும்.

பத்திரத்தில் இரண்டு விடயம். பதிவுச் சான்றிதழில் லீசிங் நிறுவனத்தின் பெயர் முழு உரிமையாளர் இடத்தில் இருந்தால், அது நீங்கிய கடிதம் இல்லாமல் பணம் கொடுக்க வேண்டாம். பெயர் மாற்றாமலே கைமாறிக் கைமாறித் திறந்த பத்திரத்தில் வரும் காரையும் விடுங்கள். பழைய உரிமையாளரைத் தேடிக் கையெழுத்து வாங்குவது உங்கள் தலையில் விழும். காப்புறுதி எடுக்கும்போது ஹயர் ஓடப்போவதைச் சொல்லியே எடுங்கள். தனியார் பாவனைக் காப்புறுதியில் காசுக்கு ஆள் ஏற்றி விபத்து நடந்தால் இழப்பீட்டை மறுப்பார்கள், பயணியின் செலவும் உங்கள் மேல் வரும். லீசிங்கில் எடுத்தால் அவர்களிடமும் சொல்லுங்கள்.

ஓட ஆரம்பித்த பிறகு 0டபிள்யு-20 ஓயிலை 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுங்கள், கியர்ப்பெட்டிக்கு டொயோட்டாவின் டபிள்யுஎஸ் ஓயில். காரின் உள்ளே பின்பக்கத்தில் இருக்கும் 12 வோல்ட் சிறிய பற்றரி சோர்ந்தால் பல விளக்குகள் ஒன்றாக எரிந்து பெரிய பழுது போலத் தெரியும். ஹைபிரிட் பற்றரி போய்விட்டது என்று யாராவது சொன்னால் முதலில் இதை அளந்து பாருங்கள், ஓய்ந்திருக்கும்போது 12.6 வோல்ட்டுக்கு அருகில் இருக்க வேண்டும். மாற்றும்போது வாயுக் குழாய் உள்ள வகையையே போடுங்கள். உள்ளே இருப்பதால் சாதாரணப் பற்றரியின் வாயு காருக்குள் சேரும்.

அதிகாலை விமானத்துக்கு நள்ளிரவில் புறப்பட்டால் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானை வீதியைக் கடக்கும். முன்விளக்கின் கண்ணாடி மங்கியிருந்தால் வாங்கிய முதல் வாரமே மெருகூட்டி எடுங்கள். அங்கே கார் நின்றுவிட்டால் முன்சக்கரம் தரையில் உருள இழுக்க விடாதீர்கள். சக்கரம் சுழன்றால் உள்ளே மோட்டார் மின் உற்பத்தி செய்து இன்வேட்டரைக் கெடுக்கும். முன்சக்கரத்தைத் தூக்கியோ, தட்டையான லொறியில் ஏற்றியோதான் கொண்டுவர வேண்டும். அப்படி ஒரு லொறி வைத்திருப்பவரின் இலக்கத்தைக் கார் வாங்கும் நாளிலேயே போனில் போட்டு வையுங்கள்.