சக்கையைக் கொட்டாதீங்க, அம்மிணி

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 56. எட்டு மாதத்துக்கு முன் கோவையில் ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து தினமும் காலையில் கொய்யா, ஆரஞ்சு, மாதுளை என்று மாற்றி மாற்றி ஜூஸ் போட்டு, வடிகட்டிக் கொடுக்கிறேன். மலச்சிக்கல் மட்டும் தீரவில்லை. பழம் குடலுக்கும் நல்லது, இதயத்துக்கும் நல்லது என்கிறார்களே, இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?
- வாசகி ஒருவர், கோபிசெட்டிபாளையம்

பதில்: பழம் சரிதான் அம்மிணி. அந்த வடிகட்டியை எடுத்து உள்ளே வையுங்கள்.

எங்கள் அப்பா நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியபோது நானும் இப்படித்தான் பிழிந்து கொடுத்தேன். சக்கையை எருமைத் தொட்டியில் கொட்டுவேன். அவருக்கு வேண்டியது அந்தச் சக்கைக்குள் இருந்தது என்பது, உணவியல் படித்த எனக்கே அப்போது உறைக்கவில்லை. இன்றும் அந்தத் தொட்டி கண்ணில் நிற்கிறது.

சக்கையில் இருப்பது நார்ச்சத்து. சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்கு வந்து சேரும். இட்லி மாவு ராத்திரியில் புளித்துப் பொங்குகிறதே, அதைப்போல அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்க வைக்கும். அப்போது உண்டாகும் பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலம்தான் பெருங்குடலின் உட்சுவருக்கு முக்கிய ஆகாரம். புளிக்காமல் மிஞ்சும் நார் தண்ணீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்கும்.

இதயத்துக்குப் போகும் வழி பித்தநீர். கல்லீரல் கொலஸ்ட்ராலில் இருந்துதான் பித்த அமிலம் தயாரிக்கிறது. கொழுப்பைச் செரிக்க உதவும் அதன் வேலை முடிந்ததும் பெரும்பகுதியைக் குடல் உறிஞ்சித் திருப்பி அனுப்பிவிடும். கொய்யாவிலும் ஆரஞ்சுச் சுளையின் தோலிலும் உள்ள பெக்டின் என்ற நார், கொழகொழவென்று கரைந்து அதில் கொஞ்சத்தைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றும். அந்தக் குறையை ஈடுகட்ட, கல்லீரல் ரத்தத்தில் இருந்து கெட்ட கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்ளும். குறைவது கொஞ்சம்தான். மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

சீனாவில் 5 லட்சம் பேரைப் பல வருடம் கவனித்து 2016-ல் வெளியான ஆய்வில், பழமே தொடாதவர்களைவிடத் தினமும் பழம் சாப்பிட்டவர்களிடம் இதய, ரத்தக்குழாய் நோயால் வரும் மரணம் சுமார் 40 சதவீதம் குறைவாக இருந்தது. அவர்கள் வசதியான வீட்டுக்காரர்களாகவும் இருந்திருக்கலாம். எல்லாம் பழத்தால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் அவர்கள் சாப்பிட்டது தினம் 100 கிராம் அளவுதான். நடுத்தரக் கொய்யா ஒன்று.

அடுத்த சந்தையில் செங்காயாகப் பார்த்து வாங்குங்கள். தோலோடு நறுக்கி, நன்றாக மென்று சாப்பிடச் சொல்லுங்கள். எடுத்தவுடன் நிறையக் கொடுத்தால் வயிறு உப்பும். முதல் வாரம் அரைப்பழம் போதும், கூடவே தண்ணீர். உங்கள் ஊரில் வாழைக்கா பஞ்சம்? ஒரு நாள் விட்டு ஒரு நாள் பூவன் கொடுங்கள். சர்க்கரையோ, கிட்னிக் கோளாறோ இருந்தால் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு, மூன்று வாரத்திலும் மலச்சிக்கல் குறையாவிட்டால் அவரிடம் காட்டுங்கள், முக்கவிடாதீர்கள்.

மருந்துச் சீட்டில் அட்டோர்வாஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், டாக்டரைக் கேட்காமல் பம்ளிமாஸ் தர வேண்டாம். அந்த வகைப் பழம் ரத்தத்தில் மருந்தின் அளவைக் கூட்டிவிடக்கூடும்.