ஈஸ்ட் மேல நானோபாடி வரலைன்னா முதல்ல மீடியாவைப் பாருங்க

ஈஸ்ட் செல்லோட மேல்பரப்புல நானோபாடியை (சின்ன ஆன்டிபாடித் துண்டு) காட்ட வைக்க, கேலக்டோஸ் போட்டு ஒரு ராத்திரி முழுக்க 30 டிகிரில வச்சும் ஈபிஒய்100ங்கிற ஈஸ்ட் செல்லுல சிக்னலே இல்ல, டிசைனே தப்பான்னு கேட்டிருக்கீங்க. டிசைனை இப்பவே தூக்கிப் போட்றாதீங்க ப்ளீஸ்.

குளுக்கோஸ் மீடியால ராத்திரி வளர்ந்த கல்ச்சர்லயே நேரா கேலக்டோஸ் ஊத்தினதா எழுதியிருக்கீங்க, எனக்கு அங்கதான் இடிக்குது, ஏன்னா குளுக்கோஸ் மிச்சம் இருக்கிற வரைக்கும் கேல்1 ப்ரொமோட்டர் (நானோபாடி ஜீனை ஆன் பண்ற சுவிட்ச்) அடங்கியேதான் கிடக்கும். புதுசா வளர்த்து, ஓடி (செல் அடர்த்தி அளவு) 2லருந்து 5க்குள்ள இருக்கும்போது சென்ட்ரிஃபியூஜ் பண்ணி பழைய மீடியாவை சுத்தமா எடுத்துட்டு, கேலக்டோஸ் மீடியால ஓடி 1க்கு கரைச்சு, 20 டிகிரில 24 மணி நேரமாவது விடுங்க. சூடு குறைஞ்சா புரோட்டீன் நிதானமா மடியும், நிறைய நானோபாடிக்கு அது நல்லது. அப்புறம் ஒய்பி மாதிரி ரிச் மீடியா வேணவே வேணாம், இந்த ஈஸ்டால டிரிப்டோபானைத் தானா செய்ய முடியாது, நானோபாடி ஜீனைச் சுமக்கிற பிளாஸ்மிட் இருந்தாதான் முடியும்; ஆனா ரிச் மீடியால டிரிப்டோபான் இருக்கு, பிளாஸ்மிட் இல்லாத செல்லும் ஜோரா வளந்துடும். காசமினோ ஆசிட்ல அது இல்ல, பால் புரதத்தை ஆசிட் போட்டு உடைக்கும்போதே டிரிப்டோபான் அழிஞ்சிடுது.

ஸ்டெயினிங் பஃபர்ல டிடிடி (டைசல்ஃபைடு பாண்டை உடைக்கிற கெமிக்கல்) இருக்கா? நானோபாடி ஒட்டியிருக்கிற அகா2 புரோட்டீன், டைசல்ஃபைடு பாண்ட்லதான் செல் சுவர்ல இருக்கிற அகா1ஓட தொங்கிட்டு இருக்கு, டிடிடி பட்டா கழண்டு போயிடும்.

நானோபாடிக்கு முன்னாடி இருக்கிற ஹெச்ஏ டேக், பின்னாடி இருக்கிற மிக் டேக் (ஆன்டிபாடி வச்சு கண்டுபிடிக்கிற அடையாளத் துண்டுகள்) ரெண்டையும் தனித்தனியா பாருங்க. ஹெச்ஏ வந்து மிக் வரலைன்னா நடுவுல ஃப்ரேம் (ஜீனை மூணு மூணு எழுத்தா படிக்கிற வரிசை) மாறியிருக்கலாம், சீக்வென்ஸ் பண்ணிடுங்க. எல்லாம் சரியா இருந்தாலும் கொஞ்சம் செல்லு நானோபாடியைக் காட்டாமதான் இருக்கும், அதுக்குப் பயப்படாதீங்க. கேலக்டோஸ் போடாத செல்லையும் கூடவே ஸ்டெயின் பண்ணி ரெண்டு ப்ளாட்டையும் இங்க போடுங்க, பாத்து சொல்றேன்.