வீட்டுக் கோழி ஏன் ஒரே மாதிரி முட்டை போடுவதில்லை?

ஒரு நாள் பெரிய முட்டை, மறுநாள் கோலிக்குண்டு அளவில், நடுவில் ஓடே இல்லாத தோல்முட்டை. இது நோயா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை.

எங்கள் தோட்டம் வேலந்தாவளம் பக்கம், பாலக்காட்டு எல்லையில். பதினோரு கோழிகள். போன பங்குனியில் வெயில் 40 டிகிரியைத் தொட்டபோது வரிசையாகத் தோல்முட்டை விழுந்தது. கிளிஞ்சல் தூளைக் காலைத் தீவனத்தில் கலந்துதான் போட்டுக்கொண்டிருந்தேன், பலனில்லை. மிருகாஸ்பத்திரி டாக்டரம்மா கேட்டது ஒரே கேள்வி: "கக்கா எப்பழா கொடுக்குன்னே?" கிளிஞ்சலை எப்போது கொடுக்கிறீர்கள் என்று மலையாளத்தில்.

அப்புறம்தான் புரிந்தது. ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. அதில் 20 மணி நேரம் ஓடு கட்டவே போய்விடும், அதுவும் பெரும்பகுதி ராத்திரியில். ஓடு முக்கால்வாசிக்கு மேல் சுண்ணாம்புதான். காலையில் தின்ற சுண்ணாம்பு ராத்திரிக்குள் கரைந்து போயிருக்கும். வெயிலில் கோழி வாயைத் திறந்து இளைக்கும்போது ரத்தத்திலுள்ள கரியமில வாயுவும் வெளியேறுகிறது. ஓட்டுக்கு அதுவும் வேண்டும். சாயங்காலம் தனிச் சட்டியில் கிளிஞ்சலைக் கரகரப்பாக உடைத்து வைத்தேன், கூரைமேல் தென்னோலை போட்டேன், தண்ணீரை நிழலுக்கு மாற்றினேன். பத்து நாளில் ஓடு கெட்டிப்பட்டது. தனிச் சட்டி என்பது முக்கியம்: குஞ்சுகளுக்கு அவ்வளவு சுண்ணாம்பு ஆகாது, சிறுநீரகம் கெடும்.

சின்ன முட்டையும் இரட்டைக்கருவும் புதிதாக முட்டைக்கு வந்த விடைக்கோழியிடம் சகஜம், தானாகச் சரியாகும். ஓட்டின் நிறம் இனத்தைப் பொறுத்தது: கேரளத்தில் திருச்சூர் பக்கம் மண்ணுத்தியில் உருவாக்கிய கிராமஸ்ரீ பழுப்பாகத்தான் போடும், சத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மஞ்சள் கரு அடர்ந்திருப்பது கீரையாலும் மக்காச்சோளத்தாலும்.

ரத்தப்புள்ளி இருந்தால் கரு பிடித்துவிட்டது என்று என் அம்மாயி முட்டையைக் கொட்டிவிடுவார். பாவம், எத்தனை நல்ல முட்டை! மஞ்சள் கரு பிரிந்து வரும்போது சின்ன ரத்தநாளம் வெடித்த அடையாளம் அது. சேவலே இல்லாத வீட்டிலும் வரும். எடுத்துப் போட்டுவிட்டுச் சமைக்கலாம்.

ஆனால் கோழிகள் தும்மி, பல கோழிகளின் முட்டை ஒரே சமயத்தில் சுருக்கம் விழுந்து, வெள்ளைக்கரு தண்ணீராக ஓடினால் காத்திருக்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். தோல்முட்டையைக் கண்டதும் கூண்டிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு தடவை கொத்தி ருசி கண்ட கோழி அடுத்து நல்ல முட்டையையும் உடைக்கும்.