ஸ்டாப்பரும் ஃபார்வர்டும் – கடிதம்

வணக்கங்க. 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் இந்தியா கால்பந்தில் தங்கம் வென்றது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் மகன் பள்ளி டீமில் ஸ்டாப்பர், பின்னால் நின்று கோல் விழாமல் தடுக்கிறவன். “கோல் போடறவனுக்குத்தான் கைதட்டறாங்க, என்னை முன்னால விடச் சொல்லுங்க” என்று நச்சரிக்கிறான். ஸ்டாப்பரான ஜர்னைல் சிங் அந்தப் போட்டியில் முன்னால் போய்க் கோல் போட்ட கதையைச் சொன்னேன். “அவரும் முன்னால போனதாலதானேம்மா பேர் வாங்கினார்” என்கிறான். என்ன பதில் சொல்றதுங்க?

ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள அம்மணிக்கு,

கெட்டிக்காரப் பையன்தான், மடக்கிவிட்டான். ஆனால் ஜர்னைல் பெயர் வாங்கியது அந்தக் கோலால் மட்டும் அல்ல. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்ஸை 1-1 என்று நிறுத்திய அணியின் தடுப்பாட்டக்காரர் அவர். கொல்கத்தாவின் மோகன் பகான் கிளப்பில் பல வருடம் ஆடியதும், 1964-இல் அர்ஜுனா விருது வாங்கியதும், அப்புறம் இந்தியாவுக்குக் கேப்டன் ஆனதும் ஸ்டாப்பராகத்தான்.

ஜகார்த்தாவில் தாய்லாந்துடன் ஆடும்போது தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். அதனால்தான் பயிற்சியாளர் ரஹீம் அவரை முன்னால் அனுப்பினார். அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக ஒரு கோல், இறுதியில் தென் கொரியாவுக்கு எதிராக ஒரு கோல். மைதானம் நிறைய நமக்கு எதிராகக் கத்துகிற கூட்டம் வேறு.

சரி, அவர் விட்டுப்போன இடத்தில் யார் நின்றது? அருண் கோஷ். முதல் ஆட்டத்தில் நம்மை 2-0 என்று தோற்கடித்த அதே கொரியா, இறுதியில் 85-ஆவது நிமிடம் வரை ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. 2-1 என்று தங்கம் நமக்கு. என்னைக் கேட்டால், ரஹீமின் துணிச்சலில் பாதி கோஷை நம்பி எடுத்ததுதான். ஆனாலும் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஜர்னைலின் கோலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நானும் போன கட்டுரையில் அப்படித்தான் முடித்திருந்தேன், இடம் போதவில்லை.

அன்றைக்கு கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால் வருகிற வெலிங்டனின் மதராஸ் ரெஜிமென்ட் அணி 1955-இல் டியூராண்ட் கோப்பையை வென்றதே, அதில் ஆடியவர். நம் பக்கத்துப் பையன்களுக்கு இதையும் சொல்லலாம்.

அவன் ஆசையையும் தள்ளிவிட வேண்டாம். கோச் ஒத்துக்கொண்டால் ஒரு மேட்சில் முன்னால் ஆடட்டும். தன் இடத்தில் யாரை நிறுத்தலாம் என்று மட்டும் அவனையே சொல்லச் சொல்லுங்கள்.