சுவரில் மட்டும் பட்டாம்பூச்சி

கேள்வி: எங்கள் ஏரிக்கரைப் பூங்காவின் சுற்றுச்சுவர் முழுவதும் பட்டாம்பூச்சிகளை வரைந்திருக்கிறார்கள். உள்ளே இட்லிப்பூச் செடிகளும் புல்தரையும் இருந்தும் உயிருள்ள பட்டாம்பூச்சி அரிதாகவே தென்படுகிறது. ஏன்?
- ஒரு வாசகி, சென்னைப் புறநகர்

பதில்: தேன் குடிக்க வந்து போவது வேறு, அங்கேயே பெருகுவது வேறு. பெண் பட்டாம்பூச்சி இலையை முன்னங்கால்களால் தட்டிச் சுவை பார்த்து, தன் புழு தின்னக்கூடிய செடிதான் என்று உறுதியான பிறகே முட்டையிடும். வெந்தய வரியனுக்கு எருக்கு வேண்டும். எலுமிச்சை அழகிக்கு எலுமிச்சை, நாரத்தை போன்றவை வேண்டும். சிவப்புடல் அழகிக்கு ஆடுதின்னாப்பாளை வேண்டும். இவற்றில் எருக்கும் ஆடுதின்னாப்பாளையும் பூங்காவைப் பராமரிப்பவர் கணக்கில் வெறும் களைகள் என்பதால், மண்வெட்டி முதலில் அவற்றின் மேல்தான் விழுகிறது. தப்பித் தவறி ஒரு செடி பிழைத்தாலும், புழு அரித்த இலையைக் கண்டதும் மருந்தடித்து விடுகிறார்கள்.

உங்கள் வீட்டுக் கறிவேப்பிலைக் கொழுந்தைப் புரட்டிப் பாருங்கள். பறவை எச்சம் போல, பழுப்பில் வெள்ளைத் திட்டுடன் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால், அது பெரும்பாலும் கறிவேப்பிலை அழகியின் இளம்புழு. மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவை போன்ற கொம்பொன்றை நீட்டி, நெடியைக் கிளப்பும். இதைச் சுவரில் வரைந்த ஓவியரை நான் இன்னும் பார்க்கவில்லை.

கேள்வி: அடுத்த சுவரில் தமிழ் மறவனை வரையச் சொல்லலாமா?

பதில்: தாராளமாகச் சொல்லலாம், 2019 இல் தமிழக அரசு மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது அதைத்தான். ஆனால், அது மலைக்காடுகளில் நீரடிமுத்து வகை மரங்களை நம்பி வாழ்வது என்பதால் உங்கள் ஏரிக்கரைக்கு வராது. அந்தச் செய்தியைப் படத்தின் கீழே எழுதி வைப்பதே நேர்மை. நம் ஊரில் இல்லாத அமெரிக்க மொனார்க் பட்டாம்பூச்சியைப் பார்த்து வரைவதை மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள். என் விருப்பத்தைக் கேட்டால், சிவப்புடல் அழகியையும், அதைப் போலவே வேடமிடும் கறிவேப்பிலை அழகியின் பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, சுவரடியில் ஆடுதின்னாப்பாளையையும் கறிவேப்பிலையையும் நட்டு வைக்கலாம். பறவைகள் தின்னத் தயங்கும் முன்னதற்கு உடல் சிவப்பு, அதன் பெயரால் பிழைக்கும் பின்னதற்கு உடல் கருப்பு. ஓவியர் அதில் தவறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.