லிபரல் யாருக்கு அஞ்சுகிறார்?

அன்புள்ள ஐயா,

அமெரிக்கச் செய்திகளில், ஏழைகளுக்காக அரசு கூடுதலாகச் செலவிட வேண்டும் என்பவர் லிபரல். ஆஸ்திரேலியாவில் லிபரல் கட்சிதான் வலதுசாரி. பொருளாதாரக் கட்டுரைகளில், சந்தையில் அரசு தலையிடக் கூடாது என்பவரும் லிபரல்! கன்சர்வேட்டிவ் விஷயத்திலும் இதே குழப்பம். இவற்றுக்கு நிலையான பொருள் ஏதும் உண்டா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நிலையான கொள்கைப் பட்டியல் எதுவும் கிடையாது. ஒருவர் தன்னை லிபரல் என்று சொல்லிக்கொண்டால், யாருடைய அதிகாரத்துக்கு அவர் அஞ்சுகிறார் என்று பாருங்கள். பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஸ்பெயினின் காடிஸ் நகரில் 1810இல் கூடிய நாடாளுமன்றத்தில்தான் ஓர் அரசியல் அணிக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர்கள் அஞ்சியது மன்னரின் வரம்பற்ற அதிகாரத்துக்கு. 1812இல் அரசியலமைப்பு எழுதி அதற்குக் கடிவாளம் போட்டார்கள். (1814இல் மன்னர் திரும்பி வந்ததும் அதை ரத்து செய்துவிட்டார், அது வேறு கதை.) பிரிட்டிஷ் லிபரல்கள் வணிகத்திலும் அரசு கை வைக்கக் கூடாது என்றார்கள்.

சரி, மன்னரின் பிடி தளர்ந்தது. முதலாளியின் பிடி? 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலை இழந்து நின்றவரிடம் 'அரசு உங்களைத் தொந்தரவு செய்யாது' என்று சொல்லி என்ன பயன்? அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் அரசையே துணைக்குக் கூப்பிட்டார். முதியோருக்கும் வேலையற்றோருக்கும் உதவித்தொகை தரும் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1935இல் வந்தது. இந்தக் கொள்கைக்கும் லிபரல் என்றே பெயர் வைத்தார். 1932 தேர்தலில் அவரிடம் தோற்ற ஹூவரோ உண்மையான லிபரலிசம் தன்னுடையதே என்று வாதாடினார். இருவர் சொன்னதிலும் நியாயம் உண்டு என்பேன். ஆஸ்திரேலியாவில் அரசியல் தலைவர் மென்சீஸ் 1944இல் லிபரல் கட்சியைத் தொடங்கியபோது அவர் அஞ்சியது சோசலிசத்துக்கு. ஆகவே அங்கே பழைய பொருளே நிலைத்தது.

கன்சர்வேட்டிவ், அதாவது இருப்பதைக் காப்பவர், என்பது இன்னும் வழுக்கும். எதைக் காப்பது என்பது அந்த நாட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 1980களின் கடைசியில் சோவியத் தலைவர் கோர்பசேவின் சீர்திருத்தங்களை எதிர்த்த சோவியத் கம்யூனிஸ்டுகளைப் பத்திரிகைகள் கன்சர்வேட்டிவ் என்றுதான் எழுதின. அதே காலத்தில் அமெரிக்காவில் அதிபர் ரேகனும் கன்சர்வேட்டிவ்.

கன்சர்வேட்டிவ் என்றால் மாற்றமே வேண்டாம் என்பவர் என்றும் நினைத்துவிடாதீர்கள். இவர்களின் மூதாதையாகக் கருதப்படும் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் பிரெஞ்சுப் புரட்சியைக் கடுமையாகச் சாடியவர். ஆனால் பிரிட்டனின் ஆட்சியில் இருந்த அமெரிக்கக் குடியேற்றங்களின் குறைகளுக்காகப் பரிந்து பேசியவர். மாறிக்கொள்ள வழியில்லாத அரசுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளவும் வழியில்லை என்று 1790இல் எழுதினார்.

அப்புறம் ஜெர்மனியின் ஆட்சித் தலைவராக (சான்சலர்) இருந்த பிஸ்மார்க். பக்கா கன்சர்வேட்டிவ். 1883இல் தொழிலாளருக்கு மருத்துவக் காப்பீடும் 1889இல் முதியோர் ஓய்வூதியமும் கொண்டுவந்தார். சோசலிஸ்டுகள் பக்கம் தொழிலாளர் போய்விடக் கூடாது என்ற கணக்குதான். அதை அரசின் தேவையற்ற தலையீடு என்று எதிர்த்தவர்களில் அன்றைய ஜெர்மன் லிபரல்களும் இருந்தார்கள்.

அன்புடன்.